மொச்சைக்கு வயிறு சரியில்லை

கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

ஜீவிதா குனிந்து பார்த்தாள். முந்தின நாள் வைத்த கொத்தமல்லித் தழை அப்படியே வாடிக் கிடந்தது. மொச்சை மூலையில் முதுகைத் தூக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கம்பி இடுக்கில் விரலை விட்டு அதன் காதைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"மறுபடியுமா?" என்று வாய்விட்டே சொன்னாள்.

வெள்ளை உடம்பில் மொச்சைக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் அந்த முயல், நாகல் நகரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் குட்டியாக வந்தது. ஜீவிதாவின் கணவன் முகேஷ்குமார் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். கூட வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு இந்த வம்பு என்று முதலில் முணுமுணுத்தவள் ஜீவிதாதான். ஆனால் அவள் வேலை முடிந்து கதவைத் திறந்ததும் காலைச் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கியதிலிருந்து அது அவளுடைய முயலாகிவிட்டது.

கோடையில் ஒருநாள் முதன்முதலாகச் சாப்பிடாமல் சுருண்டது. ஊரில் மாடும் நாயும் பார்க்கிற கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "முயலுக்குக் குடலு அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்மா. நம்மள மாதிரி ஒருநாள் பட்டினி கெடந்து சரியாகுற சாதி இல்ல. நின்னா உயிருக்கே வந்துரும்."

ஜீவிதா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மருந்து புதிதல்ல. குழந்தைகளுக்கு வாயுவுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து, சுடுதண்ணீர் பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்சில் குழைத்த தீவனம், வயிற்றை மெல்லத் தடவி விடுவது என்று எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. முயல் எழுந்து நடமாடும். ஒரு மாதம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு காலையில் கூண்டின் அடித்தட்டு வெறுமையாக இருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சொட்டு மருந்தை எடுக்கத் திரும்பியவளின் கண்ணில் அது பட்டது. கூண்டுக்குக் கீழே பிஸ்கட் துணுக்குகள். எறும்பு வரிசை கட்டியிருந்தது.

"அப்பா, இங்க வாங்க."

ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள்சாமி கண்ணாடியைக் கழற்றியபடி பால்கனிக்கு வந்தார். வடமதுரைப் பக்கம் நிலத்தோடும் கிணற்றோடும் இருந்த மனிதர். மனைவி இறந்த பிறகு, கிணற்றடி நிலத்தில் மகன் விக்னேஷ்குமார் கோழிப்பண்ணைக் கொட்டகை போட்டது பிடிக்காமல் இருவருக்கும் பேச்சு முறிந்தது. "எங்கூட வந்து இருங்க" என்று பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தவள் ஜீவிதாதான். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தட்டை அவரே கழுவி வைத்துவிடுவார்.

"இது என்னப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். "பிஸ்கட்டுத் தூளு. இங்கனதானத்தா உக்காந்து டீ குடிக்கிறேன். கை ஆடுறதுல சிந்தியிருக்கும்."

"மொச்சைக்குக் குடுத்தீங்களா?"

"இல்லத்தா."

"அன்னைக்குக் குடுத்தீங்கள்ல?"

முதல் தடவை முயலுக்கு முடியாமல் போனதற்கு முந்தின நாள் அவர் பாதி பிஸ்கட் கொடுத்திருந்தார். அதை அவரே சொன்னார். ஆசையாகக் கேட்டது, கொடுத்தேன் என்றார். இனிமேல் கொடுக்காதீர்கள் என்று அவள் சொன்னாள், சரி என்றார். அத்தோடு முடிந்த பேச்சு.

"அன்னைக்குக் குடுத்தேன். அதுக்கப்பறம் தொடல."

"அப்ப எப்புடிப்பா மாசாமாசம் இதுக்கு இப்புடி வருது? நான் குடுக்குறது அளந்து குடுக்குற தீவனம். உங்க மாப்ள கூண்டுப் பக்கமே போறதில்ல. பகல் பூரா வீட்டுல இருக்குறது நீங்க ஒருத்தர்தான்."

முகேஷ்குமார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஜீவி, விடு. மாமா சொல்றாருல்ல."

"இருங்க. குடுத்திருந்தா குடுத்தேன்னு சொல்லட்டும். அதுக்கேத்த மருந்தப் பாக்கலாம். இல்லைன்னா அம்மா மேல சத்தியமா குடுக்கலைன்னு சொல்லட்டும்."

பெருமாள்சாமியின் பார்வை மகளைத் தாண்டி மருமகனிடம் போய், உடனே தரைக்கு இறங்கியது.  முயல் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வலி தாங்காமல் அது அப்படிச் செய்யும்.

"செத்த நேரம் கடைவீதி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார். சத்தியம் செய்யவில்லை.

செய்யாததையே ஜீவிதா பதிலாக எடுத்துக்கொண்டாள். அன்று மதியம் பெட்டியில் கிடந்த சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துக் கூண்டுக் கதவில் போட்டாள். சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மொச்சை கொஞ்சம் தெளிந்து தழையைக் கடித்தது. பெருமாள்சாமி பல் துலக்கப் பால்கனிக்கு வந்தவர் பூட்டைப் பார்த்தார். ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஜீவிதா அடுப்படி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. இட்லித் தட்டை இறக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்தவர் கையில் துணிப்பை இருந்தது.

"விக்னேஷ் வீட்டுக்குப் போயிட்டு வாரேத்தா. பேரப்புள்ளைய பாத்து ரொம்ப நாளாச்சு."

மகனோடு அவர் பேசுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் அவர் இல்லாமல் இருந்தால் உண்மை தானாகத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. அன்று மதியம் அவரே போனில் கூப்பிட்டு, "வந்து சேந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு மொச்சை நன்றாகவே இருந்தது. தீவனத்தைக் காலி செய்தது, மாலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் ஹாலில் குதித்தது. "பாத்தீங்களா?" என்று ஒருநாள் கணவனிடம் சொன்னாள். முகேஷ்குமார் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

அந்த மாதம் முடிவதற்குள் அது விழுந்தது.

இந்த முறை மூலையில் உட்காரக்கூட முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு கிடந்தது. ஜீவிதா கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். திறந்த பூட்டு கையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டாள்.

சாவி அவளிடம். அப்பா இல்லை. பூட்டிய கூண்டுக்குள் பிஸ்கட் கொடுத்தது யார்?

முயலைத் தூக்கினாள். வயிறு தண்ணீர் ரொப்பிய பலூன் மாதிரி விம்மியிருந்தது. சொட்டு மருந்தைக் கடைவாயில் விட்டாள். பாதி வழிந்தது. சிரிஞ்சில் தீவனத்தைக் கரைத்து ஊட்டப் பார்த்தாள். அது தலையை வெடுக்கென்று திருப்பி, அவள் இதுவரை கேட்காத ஒரு கீச்சொலி எழுப்பியது.

ஊர் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு தடவ வருதுன்னா காரணம் வேற எங்கயோ இருக்கும்மா. மயக்கம் குடுத்துப் பாக்கணும். முயலுக்கு அதச் செய்ற வசதி எங்கிட்ட இல்ல, தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன். மதுரையில அன்புக்கரசின்னு ஒரு டாக்டரம்மா முயல், கிளி எல்லாம் பாக்குறாங்க. நம்பர் அனுப்புறேன். இப்பவே கெளம்புங்க. வாயில இனி எதுவும் ஊத்தாதீங்க."

கிளம்பும் முன் அப்பாவிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியாமலே எண்ணை அழுத்தினாள். அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அப்பாகிட்ட குடு."

"அப்பாவா?" விக்னேஷ்குமாரின் குரலுக்குப் பின்னால் கோழிகளின் இரைச்சல் கேட்டது. "உன் வீட்டுல தான இருக்காரு?"

"அங்க வரலையா?"

"இங்க எங்க வந்தாரு? என்ன பாப்பா சொல்ற நீ?"

ஜீவிதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்றாரே? எங்கே சேர்ந்தார்?

இரவு ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் படியேறி வந்த முகேஷ்குமார் அவள் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். அவள் நடந்ததைச் சொல்லி முடித்து, "முயல விடுங்க, முதல்ல அப்பாவத் தேடணும்" என்று செருப்பைத் தேடினாள்.

அவன் துண்டில் சுற்றிக் கிடந்த முயலைத் தொட்டுப் பார்த்தான்.

"நீ மதுரைக்குப் போ. இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது. மாமாவ நானும் மச்சானும் தேடுறோம். நீ கூட வந்து என்ன பண்ணப் போற? அழுதுக்கிட்டு வண்டியில உக்காந்திருப்ப."

"அவருக்கு ஏதாச்சும்..."

"ஆகாது. போ."

அவன் குரலில் இருந்த கோபம் யார்மேல் என்று அவளுக்குப் புரிந்தது. கூடையை எடுத்தாள்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கூடைக்குள் சுடுதண்ணீர் பாட்டிலை ஒட்டி மொச்சை கிடந்தது. மூடியைக் கொஞ்சம் திறந்து கையை உள்ளே விட்டு, விலா ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே வந்தாள். ஏறி இறங்கியது. வேகமாக, மேலோட்டமாக.

"முயலா? கறிக்கா?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா. முடியல. ஆஸ்பத்திரிக்கு."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜீவிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையை மடியில் ஏற்றி, கூடைக்கு இடம் விட்டாள். சின்னாளப்பட்டியில் சேலைக் கட்டுகளோடு ஒரு கூட்டம் ஏறியது. நெரிசலில் கூடை இடிபடாமல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, பெரியகோட்டைச் சித்தப்பா வீட்டுல இல்ல. கோயில்ல போயி கேட்டேன், அங்கயும் வரலையாம். அவரு ஏன் கெளம்புனாரு? என்னமும் சொன்னியா?"

பஸ்ஸில் எல்லோரும் கேட்க அவளால் பேச முடியவில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "நான்தான் அண்ணே. களவாணியக் கேக்குற மாதிரி கேட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு முன்னாடி வச்சு" என்றாள்.



"நானும்தான் கேட்டேன்" என்றான் விக்னேஷ்குமார். "உங்களுக்கு இங்க என்ன இருக்குன்னு கேட்டேன். அதுக்கப்பறம்தான் அவரு உன் வீட்டுக்கு வந்தாரு. வையி, பாக்குறேன்."

டாக்டர் அன்புக்கரசியின் அறையில் ஒரு கிளியும் இரண்டு பூனைகளும் காத்திருந்தன. அவர் கூடையைத் திறந்து பார்த்ததும் மற்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு முயலை மேசைக்கு எடுத்துப் போனார். நடுத்தர வயது, கட்டைக் குரல், தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. உடம்பு சூடு பார்த்தார், வயிற்றில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார், எக்ஸ்ரே படம் எடுத்தார், வலிக்கு ஊசி போட்டார். தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். விளக்குச் சூட்டில் முயலை வைத்துவிட்டு, காது பார்க்கும் கருவியை எடுத்து அதன் வாயோரமாக மெல்ல நுழைத்தார்.

உள்ளே பார்த்தவர் நகர்ந்து ஜீவிதாவுக்கு இடம் விட்டார்.

"வாங்க, நீங்களே பாருங்க."

ஜீவிதா கண்ணை வைத்தாள். முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு தெரிந்தது. பின்பக்கக் கடைவாய்ப்பல்லின் ஓரம் முள் மாதிரி நீண்டு நாக்கில் குத்திக்கொண்டிருந்தது. நாக்கின் ஓரத்தில் வெளிறிய புண்.

"முயலுக்குச் சாகுற வரைக்கும் பல்லு வளரும்" என்றார் டாக்டர். "மென்னு மென்னுதான் தேயணும். சரியாத் தேயலைன்னா இப்படி முள்ளா நிக்கும். வலிக்குது, அதனால மெல்ல மாட்டேங்குது. மெல்லாததால வயிறு நிக்குது. நீங்க மருந்து குடுத்து வயித்த ஓட்டி விட்டிருக்கீங்க. பல்லு அங்கயேதான் இருந்திருக்கு."

"பிஸ்கட் குடுத்தா இப்படி வருமா டாக்டர்?"

"எவ்வளவு?"

"பாதி. எப்பவோ ஒரு தடவ."

"பிஸ்கட் குடுக்கக்கூடாதுதான். ஆனா பாதி பிஸ்கட்டுல முள்ளு வளராது. குட்டியில இருந்து என்ன குடுக்குறீங்க?"

"கடையில விக்கிற தீவனம்தான். குச்சி குச்சியா இருக்கும். அப்பறம் கேரட், கொத்தமல்லி."

"புல்லு?"

ஜீவிதா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"தீவனத்த மெல்லவே வேண்டியதில்ல, வாயில போட்டதும் மாவாயிரும். காஞ்ச புல்லுதான் இதுக்குச் சோறு. மத்ததெல்லாம் தொட்டுக்குற வெஞ்சனம் மாதிரி. தாடையும் பொறவியிலயே கொஞ்சம் கோணல், படத்துல தெரியுது. ரெண்டும் சேந்திருக்கு." அவர் கையுறையைக் கழற்றினார். "இன்னைக்குப் பல்லத் தொட முடியாது. இந்தக் குளிர்ந்த உடம்புக்கு மயக்கம் குடுத்தா முழிக்காது. இங்கயே இருக்கட்டும். பொழுது விடியறதுக்குள்ள வயித்து உப்பல் இறங்கி, சூடு ஏறுச்சுன்னா நாளைக்குக் காலையில பண்ணலாம்."

"முழிச்சிரும்ல டாக்டர்?"

"முழிச்ச பிறகு சொல்றேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி பிஸ்கட். அளந்து அளந்து அவள் போட்ட தீவனம் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சத்தியம் கேட்ட தன் குரல் காதுக்குள்ளேயே நின்றது.

திரும்பி வரும் பஸ்ஸில் வெறும் கூடையோடு உட்கார்ந்திருந்தபோது விக்னேஷ்குமார் அழைத்தான்.

"இருக்காரு. பொம்மையன் மாமா தோப்புல. மோட்டார் ரூம்ல படுத்துக்கிட்டு, தோப்பப் பாத்துக்கிட்டு இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. வாங்கன்னேன். ஒரு வார்த்த பேசல. எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாரு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை கடையில் கூட வேலை பார்க்கும் ரஃபியாவிடம் தன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வடமதுரைக்குப் போனாள். முகேஷ்குமார் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். அப்பா அவன் முன்னால் பட்ட அவமானத்தை அவன் முன்னாலேயே போய்த் துடைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

தோப்பில் பெருமாள்சாமி விழுந்த தென்னை மட்டைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தோப்புக்காரரான பொம்மையன், அவர் வயதுக்காரர், ஜீவிதாவைப் பார்த்ததும் "பேசிக்கிட்டு இருங்க" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்தார்.

"போன ஏன்ப்பா ஆஃப் பண்ணி வச்சீங்க?"

"சார்ஜு இல்ல."

"மோட்டார் ரூம்ல கரண்டு இருக்கு."

"இருக்கு." அவர் இன்னொரு மட்டையை இழுத்தார். "பொய்தான். விக்னேஷ் வீட்டுக்குப் போறேன்னதும் பொய்தான். பொய் சொல்றவன்னுதான நீயும் நெனச்ச."

அவள் அங்கேயே, மட்டைக் குவியல் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் காட்டியதைச் சொன்னாள். முள் மாதிரி பல், நாக்கில் புண், தீவனம், புல். எதையும் விடவில்லை. "நான் குடுத்ததுதான்ப்பா. நான் அளந்து அளந்து குடுத்ததுதான்."

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "இப்ப எங்க இருக்கு?"

"மதுரையில. இந்நேரம் மயக்கம் குடுத்துப் பல்லச் சீவிக்கிட்டு இருப்பாங்க. முழிச்சாத்தான் முழிச்சதுன்னுட்டாங்க."

மட்டை அவர் கையிலிருந்து நழுவியது. வந்து அவளுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தென்னந்தூரில் சாய்ந்து உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் அவளுடைய போன் கிடந்தது. அடிக்கவில்லை. தோப்புக்கு அப்பால் திருச்சி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் போனை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் அதையே செய்தார்.

"நீ கேட்டது எனக்குப் பெருசில்ல" என்றார் அவர், போனைப் பார்த்தபடியே. "நான் ஒரு தடவ குடுத்தவன், கேக்கத்தான் செய்வ. மாப்ள முன்னாடி உங்கம்மா மேல சத்தியம் பண்ணச் சொன்ன. அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பூட்டப் போட்டியேத்தா. நான் இருக்குற வீட்டுல எனக்குன்னு ஒரு பூட்டு."

"தப்புப்பா" என்றாள்.  அவர் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

போன் அடித்தது. அவசரத்தில் எடுத்தவள் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டாள். டாக்டரின் கட்டைக் குரல் தோப்பில் சத்தமாகக் கேட்டது.

"ஜீவிதாவா? பல்லு சீவியாச்சு. நடுவுல ஒருக்கா மூச்சு நின்னு போச்சு, திரும்பக் கொண்டு வந்துட்டோம். இப்ப தலையத் தூக்கிப் பாக்குது."

பெருமாள்சாமி கண்ணை மூடித் திறந்தார்.

"சாயங்காலம் எடுத்துக்கலாம். ஆனா இதோட முடிஞ்சதுன்னு நெனச்சிராதீங்க. புண்ணு ஆறுற வரைக்கும் அதுவா சாப்பிடாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சங் கொஞ்சமா ஊட்டணும். அதுல விட்டுட்டா பண்ணுனது அம்புட்டும் வீண். பல்லும் திரும்ப வளரும், சில மாசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து சீவணும். பகல்ல வீட்டுல ஆளு இருக்காங்களா?"

ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் "ஹலோ?" என்றார்.

"சொல்றேன் டாக்டர்" என்று வைத்துவிட்டாள்.

"ஆளு வேணும்னு கூப்புடுறியா, அப்பன் வேணும்னு கூப்புடுறியா?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"ரெண்டுந்தான்ப்பா. ஆளு மட்டும் வேணும்னா லீவு போட்டுட்டு நானே ஊட்டிருவேன். நீங்க இன்னைக்கு வராட்டியும் நாளைக்கு வருவேன். அதுக்கு மறுநாளும் வருவேன்."

அவர் வெகுநேரம் ஒரு மட்டையின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பொம்மையா, அருவா எங்கய்யா வச்சிருக்க?"

"எதுக்குய்யா?"

"வரப்புல கொழுக்கட்டைப் புல்லு நிக்குது. ஒரு கட்டு அறுத்துக்கிட்டுப் போறேன். காய வைக்கணும்."

"முயலுக்கா?" பொம்மையன் சிரித்தார். "பல்லு டாக்டரப் பாத்த முயலு இந்தச் சீமையிலயே அது ஒண்ணுதான்யா இருக்கும்."

பெருமாள்சாமி சிரிக்கவில்லை. அரிவாளோடு வரப்பில் இறங்கினார்.

அன்று இரவு மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்த முயலைப் பார்த்ததும் அது பிழைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தலை தொங்கியது. முகேஷ்குமார் அதைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்ள, ஜீவிதா சிரிஞ்சின் முனையைக் கடைவாயில் வைத்து ஒரு சொட்டு தள்ளினாள். அது விழுங்கவில்லை. கரைசல் தாடை வழியாக இறங்கியது. மறுபடி ஒரு சொட்டு. மறுபடியும் வழிந்தது. "விழுங்கு, விழுங்கு" என்று அவள் குரல் உடைந்தபோது பெருமாள்சாமி சிரிஞ்சைக் கேட்டு வாங்கினார். அவர் கை ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு தள்ளிவிட்டுக் காத்திருந்தார். அதுவும் வழிந்தது. அடுத்ததில் முயலின் தொண்டை ஒருமுறை அசைந்தது.

"உள்ள போச்சு மாமா" என்றான் முகேஷ்குமார் மூச்சை விட்டபடி.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். போகாமல் முடியாது. ஆனால் மாத்திரை அட்டை எடுக்கும்போதும் சில்லறை கொடுக்கும்போதும் கண் போனிலேயே இருந்தது. காலை முழுவதும் ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆனால் சரியாகக் கொடுக்கிறாரா என்று வேவு பார்ப்பது போல் அவருக்குப் பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. எடுத்த போனைக் கீழே வைத்தாள். கடைசியில் ரஃபியாதான் அதை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"கூப்பிடுடி. மருந்து மாத்திக் குடுத்துத் தொலைக்கப் போற."

அதற்குள் அதுவே அடித்தது.

"ஆத்தா." அவர் குரல் ரகசியம் போலத் தாழ்ந்திருந்தது. "புழுக்கை போட்டிருக்கு. கடுகு மாதிரி சின்னச் சின்னதா. போட்டிருக்குத்தா."

அவள் உம் என்றாள். ரஃபியா பக்கத்தில் நின்று, "என்னாச்சு, என்னாச்சு?" என்று அவள் தோளை உலுக்கினாள்.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பெருமாள்சாமி அவளிடம் முயலைப் பற்றி மட்டும்தான் பேசினார். எவ்வளவு ஊட்டினார், எப்போது ஊட்டினார், அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விக்னேஷ்குமார் ஒருநாள் மதியம் வந்து கீழே தெருவிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தான். மேலே வரச் சொல்லி அவர் கூப்பிடவில்லை. ஆனால் அவன் கிளம்புகிற வரைக்கும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, துணியில் பரப்பிய புல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஜீவிதா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஹாலில் வெறுந்தரையில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காய்ந்த புல் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. சிரிஞ்ச் கிண்ணத்தோடு ஓரமாக, தொடாமல் இருந்தது.

"ஊட்டலையாப்பா? நேரமாச்சே" என்று உள்ளே காலெடுத்து வைத்தாள்.

அவர் திரும்பாமல் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"சத்தம் போடாதத்தா. அதுவா மெல்லுது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவர் முழங்காலுக்கு மறைவில், மொறுக் மொறுக்கென்று, நிறுத்தி நிறுத்தி, அந்தச் சத்தம் கேட்டது.